கலையும் கைவினையும்

ஓவியம் தீட்டுவோரைக் கலைஞர் என்கிறோம்; பாய் முடைவோரைத் தொழிலாளர் என்கிறோம். முன்னவருக்கு மேடையும் மாலையும் கிடைக்கின்றன. பின்னவருக்குக் கூலி கிடைக்கிறது. அதுவும் பேரம் பேசிக் குறைத்த கூலி. இருவரும் கையாலேயே வேலை செய்கின்றனர். இருவரும் இளமை முதல் பயின்றே தேர்ச்சி பெறுகின்றனர். அவ்வாறிருக்க, ஒருவர் செய்வது கலை என்றும் மற்றவர் செய்வது கைவினை என்றும் பிரித்துப் பேசுவது எதனால்? அப்பிரிவு உண்மையானதா? உண்மையாயின், பிரிக்கும் கோடு எவ்விடத்தில் செல்கிறது? இவ்வினாக்களைத் திண்ணைப் பேச்சு என்று தள்ளிவிடுதல் தகாது. பல்லாயிரம் குடும்பங்களின் பிழைப்பும் மதிப்பும் இவ்விரு சொற்களை நாம் ஆளும் முறையைச் சார்ந்திருக்கின்றன.

முதலில் சொற்களை நோக்குவோம். 'கலை' என்றதும் இன்று ஓவியம், சிற்பம், இசை, கூத்து ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், அச்சொல்லின் எல்லை மிக அகன்றது. பல்கலைக்கழகத்தில் கணிதமும் வேதியியலும் கற்பிக்கப்படுகின்றன. அங்கே 'கலை' என்பது கல்வித் துறைகள் அனைத்தையும் குறிக்கும். ஒரு துறைக்கே உரிய சொல்லைக் 'கலைச்சொல்' என்கிறோம். தச்சருக்கும் கொல்லருக்கும் கூடக் கலைச்சொற்கள் உண்டு. அறுபத்து நான்கு கலைகள் என்று வடமொழி நூல்கள் தரும் பட்டியலில் பாட்டும் ஆட்டமும் இருக்கின்றன. மாலை தொடுத்தலும் சமைத்தலும் தச்சு வேலையும் அவற்றோடு ஒரே வரிசையில் நிற்கின்றன. கற்றுத் தேர வேண்டியது எதுவோ அது கலை என்பதே அப்பட்டியலை வகுத்தோர் கருத்து.

பழந்தமிழ் வழக்கு இதனினும் சுவையானது. மதுரைக்காஞ்சி ஓவியரைக் 'கண்ணுள் வினைஞர்' என்று குறிக்கிறது. காண்பவர் கண்ணிலே தம் தொழிலை நிறுத்துவோர் என்று நச்சினார்க்கினியர் அதற்குப் பொருள் விரிக்கிறார். வினைஞர் என்றால் தொழில் செய்வோர். தச்சர் மரத்தில் தொழில் செய்கிறார். கொல்லர் இரும்பில் தொழில் செய்கிறார். ஓவியர் பிறர் கண்ணில் தொழில் செய்கிறார். எவ்வளவு நுட்பமான பெயர்! ஆயினும் அவரும் வினைஞரே. புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தைக் காட்டும் இளங்கோவடிகள், வெண்கல வேலை செய்வோர், செம்பு வேலை செய்வோர், மரத்தச்சர், இரும்புக் கொல்லர், ஓவியர், சுதையால் உருவம் அமைப்போர், பொற்கொல்லர், தையல் வேலை செய்வோர் ஆகியோரை அடுத்தடுத்து நிறுத்துகிறார். குழலிலும் யாழிலும் வல்ல பெரும்பாணரின் இருப்பிடமும் அப்பாக்கத்திலேதான் உள்ளது. தஞ்சைப் பெரிய கோயில் 1010ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. அதன் கல்வெட்டு அக்கோயிலின் தலைமைச் சிற்பியைக் குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் என்று கூறுகிறது. அரசன் தன் பெயரையே பட்டமாக அளித்துச் சிறப்பித்த அப்பெருமகனுக்கும் 'தச்சன்' என்னும் தொழிற்பெயரே உரியதாயிற்று.

இவற்றைக் கொண்டு, அக்காலத்தில் தொழில் செய்வோர் அனைவரும் சமமாக மதிக்கப்பட்டனர் என்று முடிவு கட்டிவிடல் ஆகாது. பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பிக்கும் கொடுமை நம் நாட்டில் பழமையானது. கலை என்றும் கைவினை என்றும் இரு வகுப்பாகப் பிரிக்கும் வழக்கம் மட்டுமே இங்கு இல்லை.

மேனாட்டிலும் அப்பிரிவு பிற்பட்டதே. கிரேக்கர் 'தெக்னே' என்றும் உரோமர் 'ஆர்ஸ்' என்றும் வழங்கிய சொற்கள் செருப்புத் தைப்பதையும் சிலை செய்வதையும் ஒருங்கே குறித்தன. இத்தாலி நாட்டுப் பிளாரன்சு நகரில் ஓவியர்கள் மருத்துவரும் மருந்து வணிகரும் அடங்கிய தொழிற்சங்கத்தில் உறுப்பினராக இருந்தனர்! வண்ணப் பொடிகள் மருந்துக் கடையிலேயே விற்கப்பட்டன. 15ஆம் நூற்றாண்டில் அங்கே ஓவியரோடு செய்துகொண்ட ஒப்பந்தங்கள் சில, பொன் எவ்வளவு பூச வேண்டும், நீல வண்ணம் எத்தரத்ததாக இருக்க வேண்டும் என்றெல்லாம் வரையறுத்தன. வீடு கட்டும் கொத்தனாரோடு நாம் செய்யும் பேச்சுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. பின்னர் ஓவியரும் சிற்பிகளும் தம்மைக் கைத்தொழிலாளர் கூட்டத்திலிருந்து பிரித்துக்கொள்ள விரும்பினர். 1563இல் வசாரி என்பாரின் முயற்சியால் பிளாரன்சில் அவர்களுக்கென ஒரு கழகம் தோன்றியது. 1746இல் பத்தே என்னும் பிரெஞ்சு அறிஞர் இசை, கவிதை, ஓவியம், சிற்பம், நடனம் ஆகியவற்றை ஒரு குடும்பமாகத் தொகுத்து 'அழகுக் கலைகள்' என்று நூல் எழுதினார். நுண்கலை என்றும் கவின்கலை என்றும் நாம் இன்று சொல்வது அக்குடும்பத்தையே.

நம் சென்னையிலும் இப்பிரிவின் தடத்தைக் காணலாம். 1850இல் அலெக்சாந்தர் அன்டர் என்னும் மருத்துவர் அங்கே ஒரு கலைப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் அரசு அதனை ஏற்று நடத்தியது. ஓவியத்தோடு மட்பாண்டமும் மர வேலையும் உலோக வேலையும் அங்கே இடம் பெற்றன. 1898இல் சாட்டர்டன் என்பவர் தலைமையில் அப்பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சியும் தொடங்கியது. இன்று ஏழை எளியோர் வீட்டு அடுப்பில் ஏறும் அலுமினியச் சட்டிக்கு ஒரு கலைப் பள்ளி முன்னோடியாக இருந்தது என்றால் பலர் நம்பமாட்டார்கள். தொழில் என்னும் சொல்லைத் தன் பெயரில் தாங்கியிருந்த அந்நிறுவனம் இப்பொழுது கவின்கலைக் கல்லூரியாக விளங்குகிறது. அதன் தலைவராக இருந்த கே. சி. எஸ். பணிக்கர் 1966இல் தம் மாணவர்களோடும் நண்பர்களோடும் சேர்ந்து கடற்கரை ஓரத்தில் சோழமண்டலம் ஓவியர் சிற்றூரை நிறுவினார். அங்கே குடியேறிய ஓவியர்களின் படங்களை விலைகொடுத்து வாங்குவோர் அன்று மிகச் சிலர். ஆகவே, அவர்கள் துணியில் மெழுகு தடவிச் சாயம் தோய்க்கும் 'பாத்திக்' வேலையைச் செய்து விற்று, அவ்வருவாயைக் கொண்டு ஓவியம் தீட்டினர். காலையில் துணியில் கோடிழுத்த கையே மாலையில் திரையில் கோடிழுத்தது. முன்னது கைவினை, பின்னது கலை என்று எங்ஙனம் கூறுவது?

பயன்படுவது கைவினை, பயன் கருதாமல் அழகுக்கென்றே செய்வது கலை என்பர் சிலர். இஃது எளிய விடை. எளிதில் உடையும் விடையும் ஆகும். செல்லினி என்னும் பிளாரன்சு நகரத்துப் பொற்கொல்லர் பிரெஞ்சு அரசருக்காகப் பொன்னால் ஓர் உப்புக் கலம் செய்தார். உணவு மேசையில் உப்பும் மிளகும் வைப்பதற்காகச் செய்த அப்பொருள் இன்று வியன்னா அருங்காட்சியகத்தில் ஓர் ஒப்பற்ற சிற்பமாகப் போற்றப்படுகிறது. அவ்வளவு தொலைவு போக வேண்டா. நம் கோயில்களில் உள்ள உலாத் திருமேனிகளின் பீடங்களைப் பாருங்கள். தண்டுகளைச் செருகித் தூக்குவதற்காகத் துளைகளும் வளையங்களும் அமைந்திருக்கும். திருவிழா நாளில் தெருவில் உலா வருவதற்கென்றே அவை வார்க்கப்பட்டன. பயன் இருப்பதால் அவற்றைக் கலை அல்ல என்று ஒதுக்குவோமா? மறுபுறம், எவ்வகைப் பயனும் அற்று, எவ்வகை அழகும் அற்றுச் சுவரில் தொங்கும் படங்களுக்கும் உலகில் பஞ்சம் இல்லை.

இன்னும் ஆழமான விடை ஒன்றை ஆக்சுபோர்டு பேராசிரியர் காலிங்வுட் 1938இல் வெளியிட்ட நூலில் வழங்கினார். கைவினைஞர் தாம் செய்யப்போகும் பொருளின் வடிவத்தைச் செய்வதற்கு முன்னரே அறிந்திருக்கிறார். கலைஞருக்கோ தாம் சொல்ல வந்தது யாது என்பது செய்து முடித்த பின்னரே தெளிவாகிறது என்பது அவர் கருத்தின் சுருக்கம். கவிஞர்களையும் ஓவியர்களையும் மனத்தில் கொண்டால் இதில் பேருண்மை இருக்கிறது. ஆனால், இக்கருத்தை எடுத்துக்கொண்டு கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலைக்குச் சென்று பார்ப்போம்.

காவிரிக் கரையிலுள்ள அவ்வூரில் தலைமுறை தலைமுறையாக உலோகப் படிமங்கள் வார்க்கப்படுகின்றன. படிமத்தின் உயரம் முடிவானதும் தபதி ஒரு தென்னை ஓலை நறுக்கை அவ்வுயரத்துக்கு அளந்து எடுத்துக்கொள்கிறார். அதனை மடித்து மடித்துக் கூறுகளாகப் பிரிக்கிறார். சிற்ப நூல்களின்படி, சிவபெருமான் போன்ற முதன்மைத் தெய்வ வடிவம் உச்சி முதல் உள்ளங்கால் வரை 124 கூறுகளாகவும், தேவியின் வடிவம் 120 கூறுகளாகவும் வகுக்கப்பெறும். முகத்துக்கு இத்தனை, கழுத்துக்கு இத்தனை, மார்புக்கு இத்தனை என்று எல்லாம் முன்னரே முடிந்திருக்கின்றன. தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் எண்ணெய் சேர்த்துக் காய்ச்சிய கலவையால் முதலில் உருவம் செய்யப்படுகிறது. கை, கால், உடல் ஆகியவற்றைத் தனித்தனியே உருட்டிச் செய்து, சூடேற்றிய கருவியால் ஒட்டுகிறார்கள். பிறகு காவிரியின் மெல்லிய வண்டல் மண்ணை அம்மெழுகின் மேல் பூசுகிறார்கள். முதற்பூச்சு மிக நயமாக இருத்தல் வேண்டும். மெழுகில் உள்ள நகக்குறி போன்ற கோடும் மண்ணில் பதிய வேண்டுமல்லவா? அதன்மேல் மணல் கலந்த மண்ணை அடுத்தடுத்துப் பூசி, பெரிய உருவமாயின் இரும்புக் கம்பி கட்டி, நிழலில் உலர்த்துகிறார்கள். உலர்ந்த அச்சைச் சூடாக்கினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். மெழுகு இருந்த இடம் வெற்றிடமாகும். அவ்வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறிய பின் மண்ணை உடைத்தால் உள்ளே படிமம் இருக்கும். மெழுகும் போயிற்று, அச்சும் உடைந்தது. ஆகவே, ஒரு மெழுகுருவிலிருந்து ஒரு படிமமே பிறக்கும். அதன் பின் உளியும் அரமும் கொண்டு திருத்தும் வேலை நெடுநாள் நடக்கும். இறுதியில்தான் கண் திறப்பார்கள்.

இங்கே எல்லாம் முன்னரே தெரிந்தவை. எத்தனை கை, எக்கையில் என்ன, எக்கால் தூக்கிய கால் என்பவற்றில் தபதிக்கு விருப்பம் இல்லை. நூல் சொன்னதே முடிவு. காலிங்வுட்டின் அளவுகோலால் அளந்தால் சோழர் காலத்து நடராசர் படிமமும் கைவினையே ஆகும். ஆனால், பிரெஞ்சு நாட்டுச் சிற்பி உரோதன், சென்னை அருங்காட்சியகத்து நடராசர் படிமங்களின் ஒளிப்படங்களை மட்டும் கண்டு, ஒரு கட்டுரையே எழுதினார். அவர் 1917இல் மறைந்தார். அக்கட்டுரை 1921இல் வெளிவந்தது. உளி பிடிப்பதையே வாழ்வாகக் கொண்ட அம்மேதை, தமிழ் அறியாதவர், சைவம் அறியாதவர், 124 கூறுகளை எண்ணிப் பார்த்து வியந்தாரா? இல்லை. அளவுக்கு அப்பால் ஏதோ ஒன்று அப்படிமங்களில் அவரைத் தடுத்து நிறுத்தியது.

அந்த 'ஏதோ ஒன்று' எது என்று சொல்வது கடினம். அஃது எங்கே தொடங்குகிறது என்று சொல்லலாம். ஒரே நூலைக் கற்ற இருவர், ஒரே அளவில், ஒரே உலோகத்தில் இரண்டு படிமங்கள் வார்க்கிறார்கள் என்று கொள்வோம். இரண்டிலும் பிழை இல்லை. ஓலை வைத்து அளந்தால் இரண்டும் ஒத்திருக்கும். ஆயினும், ஒன்றைப் பார்த்துவிட்டு நாம் அப்பால் செல்கிறோம். மற்றொன்றின் முன்னே நின்றுவிடுகிறோம். முதலாவது செப்பமான வேலை. இரண்டாவது செப்பமான வேலையும் ஆகும். அதற்கு மேலும் ஒன்றாகும்.

எனவே, கைவினையின் இலக்கணம் இது என்று கூறத் துணிகிறேன்: அதற்கு வாக்குறுதி அளிக்க முடியும். குயவர் ஒருவர், "வரும் வெள்ளிக்கிழமைக்குள் ஒழுகாத பானைகள் பத்துத் தருகிறேன்" என்று சொல்லலாம். சொன்னபடி தரவும் செய்வார். சுவாமிமலைத் தபதியும், "சிற்ப நூல் முறைப்படி, வெடிப்பும் துளையும் இல்லாத படிமம் தருகிறேன்" என்று உறுதி கூறலாம். ஆனால், "பார்ப்பவரை நிறுத்தி வைக்கும் படிமம் தருகிறேன்" என்று எவரும் உறுதி கூற இயலாது. மிகப் பெரிய மேதையாலும் இயலாது. நேற்று வந்தது இன்று வரவில்லையே என்று அவரே வருந்துவார். உறுதி கூறக்கூடிய பகுதி கைவினை. உறுதி கூற இயலாத பகுதி கலை. கோடு ஓவியருக்கும் குயவருக்கும் நடுவே செல்லவில்லை. ஒரே மனிதரின் ஒரே வேலைக்கு உள்ளேயே அது செல்கிறது.

வீணை செய்வோரிடம் இதனைத் தெளிவாகக் காணலாம். தஞ்சாவூரில் பலா மரத்தைக் குடைந்து குடமும் தண்டியும் செய்கிறார்கள். மரத்தைத் தேர்வதும், ஓரளவாகக் குடைவதும், யாளி முகம் அமைப்பதும் கற்றுத் தரக்கூடிய வேலைகள். முடிவில் மெழுகுச் சட்டத்தின் மேல் 24 மெட்டுகளையும் பதிக்க வேண்டும். இதற்கு 'மேளம் கட்டுதல்' என்று பெயர். அங்கே அளவுகோல் பேசுவதை நிறுத்துகிறது. ஒரு நரம்பைத் தட்டுவது, செவி சாய்ப்பது, மெட்டை மயிரிழை நகர்த்துவது, மீண்டும் தட்டுவது என்று அவ்வேலை செல்கிறது. அரங்கில் வீணை வாசிப்பவரைக் கலைஞர் என்கிறோம். அவர் விரல் விழும் இடத்தில் சுருதி இருக்கும்படி செய்தவரின் செவியை என்னவென்று அழைப்பது?

இவ்வாறு கூறுவதால், கையால் செய்வன எல்லாம் கலையே என்று சிலர் உடனே மகிழ்ந்துவிடுவர். அக்கருத்தை நான் ஏற்கவில்லை. இலங்கைத் தமிழர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தரும், 1908இல் சிங்களக் கைவினைகளைப் பற்றிப் பெருநூல் இயற்றியவரும் ஆகிய ஆனந்த குமாரசுவாமி, கலைஞர் என்று ஒரு தனிப்பிறவி இல்லை. ஒவ்வொரு மனிதரும் ஒவ்வொரு வகையில் கலைஞரே என்று வற்புறுத்தினார். அயலார் ஆட்சியில் நம் கைவினைகள் இழிவாகக் கருதப்பட்ட காலத்தில், அவற்றின் சார்பில் வாதாடிய பெருமகன் அவர். அவர்பால் நமக்கு நன்றி உண்டு. ஆயினும், எல்லாரும் கலைஞரே என்று சொல்லிவிட்டால், கலைஞர் என்ற பெயரால் மட்டுமே ஒருவருக்கு மதிப்பு உண்டு என்னும் தவறான எண்ணம் அப்படியே நின்றுவிடுகிறது. கைவினைக்கு மதிப்புத் தேடுவதற்குக் கலையிடம் பெயரைக் கடன் வாங்க வேண்டியதில்லை.

பத்தமடைப் பாயை எடுத்துக்கொள்வோம். நெல்லை மாவட்டத்து அவ்வூரில் கோரைப் புல்லைக் காயவைத்து, மெல்லிய இழைகளாகக் கீறி, ஓடும் நீரில் பல நாள் ஊறவைத்து, மீண்டும் உலர்த்திப் பருத்திப் பாவில் நெய்கிறார்கள். உயர்ந்த வகைப் பாய் பட்டுத்துணி போல் கைக்கு அடங்கி மடியும். திருமணத்துக்கென்று மணமக்கள் பெயரை நெய்து தருவதும் உண்டு. அப்பாய் நமக்கு எதனையும் உணர்த்த வரவில்லை. எந்தப் புதிய காட்சியையும் காட்ட வரவில்லை. வெயில் காலத்தில் உடம்புக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது, ஆண்டுகள் பல உழைக்கிறது, ஓரம் பிரிவதில்லை. கொடுத்த வாக்கை முற்றும் காப்பாற்றுகிறது. அஃது ஒன்றே போதாதா? அதனைக் கலை என்று புகழ்ந்துவிட்டு, நெய்தவருக்கு அரைக்கூலி கொடுப்பதை விட, நல்ல பாய் என்று சொல்லி முழுக்கூலி கொடுப்பது மேல்.

உலகம் நடப்பது பெரும்பாலும் காப்பாற்றப்பட்ட வாக்குகளினால்தான். பாலத்தின் ஆணி, மருத்துவர் இடும் தையல், படகின் பலகைகளுக்கு இடையே அடைத்த பஞ்சு, இவையெல்லாம் கைவினையின் வகைகளே. இவற்றுள் ஒன்று பொய்த்தால் உயிர் போகும். ஓர் ஓவியம் பொய்த்தால் உயிர் போவதில்லை. திரை வீணாகும், அவ்வளவே. கலைக்கு அவ்வுரிமை தேவை. பத்துப் படங்களைக் கிழித்தெறிந்து பதினோராவதைத் தீட்டும் உரிமை இல்லாவிட்டால், உறுதி கூற இயலாததைத் தேடிச் செல்வது எவ்வாறு? ஆகவே, இரண்டுக்கும் வேறு வேறு அறம் உண்டு. கைவினைஞரிடம் பிழையின்மையை எதிர்பார்க்கிறோம். அதற்கு உரிய விலையைக் குறைக்காமல் தர வேண்டும். கலைஞருக்குத் தவறும் உரிமையை அளிக்கிறோம். ஆனால், தவறிய படத்தையும் போற்ற வேண்டிய கடமை நமக்கு இல்லை.

இக்காலத்தில் இவ்வினாவை எந்திரம் இன்னும் கூர்மையாக்கிவிட்டது. கணிப்பொறியால் இயங்கும் செதுக்கும் எந்திரங்கள் கருங்கல்லிலும் உருவங்களைச் செதுக்குகின்றன. எந்திரப் பாய்கள் கோரைப் பாயை விடக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. வாக்குறுதி அளிக்கக்கூடிய வேலையை விதிகளாக எழுதிவிடலாம். விதிகளாக எழுதக்கூடியதை எந்திரத்துக்கும் கற்பித்துவிடலாம். இதற்காக எந்திரத்தின் மேல் சினம் கொள்வது பயனற்றது. ஏழை வீட்டில் அலுமினியச் சட்டி நுழைந்ததைப் பார்த்து வருந்தியவர்கள், செம்புப் பாத்திரம் வாங்க வசதி உடையவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். எந்திரம் செய்ததை எந்திரம் செய்தது என்று சொல்லி விற்றால் அதில் குற்றம் இல்லை. கைவேலை என்று பொய் சொல்லி விற்பதும், அப்பொய் விலையைக் காட்டி மெய்யான கைவினைஞரின் கூலியைக் குறைப்பதுமே குற்றங்கள். சுவாமிமலை வெண்கலப் படிமம், பத்தமடைப் பாய், தஞ்சாவூர் வீணை ஆகியவை சட்டப்படி புவிசார் குறியீடு பெற்றிருப்பது அப்பொய்யைத் தடுப்பதற்காகவே. சட்டம் இருப்பது மட்டும் போதாது. வாங்குவோர் கண்ணுக்கும் பயிற்சி வேண்டும்.

வேறொன்றையும் எண்ண வேண்டும். விதிக்குள் அடங்கிய வேலையைப் பல ஆண்டுகள் செய்து செய்து கை பழகிய பின்னரே, விதி முடியும் எல்லைக்கு ஒருவர் வந்து சேர்கிறார். மெழுகை உருட்டிப் பழகாதவர் எவரும் அந்த நடராசரை வார்த்திருக்க முடியாது. முதற் பகுதியை முழுவதும் எந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டால், அவ்வெல்லைக்கு நடந்து செல்லும் மனிதர் இனி எங்கிருந்து வருவார்? 1957இல் மாமல்லபுரத்தில் அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சி நிறுவனத்தைப் போன்றவை நமக்குத் தேவைப்படுவது இதனாலேயே. அதன் தலைவராக விளங்கிய கணபதி தபதி, குமரிமுனையில் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையை வடிவமைத்தார். 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் அச்சிலை திறக்கப்பட்டது. அலைக்கும் புயலுக்கும் நடுவே கல்மேல் கல் அடுக்கி அதனை நிற்கச் செய்த கணக்கு முழுவதும், அவர் குலத்தார் பல தலைமுறைகளாகக் கைமாற்றித் தந்த கைவினை அறிவேயாகும்.

மாணவர்களே, பள்ளியில் தையலோ நெசவோ தச்சோ கற்பிக்கும் பாடவேளை வந்தால், தேர்வுக்கு உதவாத வேளை என்று அதனைக் கணக்குப் பாடத்துக்கு விட்டுக்கொடுப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. ஒரு பலகையை நேராக அறுத்துப் பார்த்த மாணவருக்கே, நேராக அறுப்பது எவ்வளவு அரிது என்பது தெரியும். அது தெரிந்தவர் பிற்காலத்தில் தச்சரிடம் பேரம் பேசும்போது சற்றுத் தயங்குவார். ஒரு பெட்டி செய்யும்போது, வெளிப்புறத்தை மட்டும் இழைத்து மெருகிட்டு, உட்புறத்தைச் சொரசொரவென்று விட்டுவிடும் ஆசை எல்லார்க்கும் வரும். யார் பார்க்கப்போகிறார்கள் என்று தோன்றும். எழும்பூர் அருங்காட்சியகத்து வெண்கலக் கூடத்துக்குச் செல்ல வாய்ப்பு நேர்ந்தால், படிமங்களின் முன்னழகை மட்டும் கண்டு திரும்பிவிட வேண்டா. சுற்றி வந்து பின்புறத்தையும் காண்க. கோயிலில் பட்டும் மாலையும் சாத்திய பிறகு அப்புறம் எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. ஆயினும், முதுகின் நடுவே ஓடும் பள்ளமும், பிடரியில் தவழும் கூந்தலின் புரிகளும், இடையில் கட்டிய ஆடையின் முடிச்சும் முன்புறத்துக்கு எள்ளளவும் குறையாமல் அமைந்திருக்கின்றன.